அம்மை கண்டவர் விமானம் ஏறலாமா?

செஞ்சிப் பக்கம் தளவானூர் போன்ற ஊர்களில் வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அம்மை போட்டிருக்கிறது என்று தெருவே புரிந்துகொள்ளும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நோயாளி வெளியே வரமாட்டார். வீட்டாரும் விசேஷங்களைத் தவிர்ப்பார்கள். அதே வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு நாளில் துபாய்க்கு விமானம் என்றால் என்ன செய்வது?

நோயாளிகள் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 1984 நவம்பரில், சிறுநீரகம் செயலிழந்து பக்கவாதமும் தாக்கிய நிலையில், எம்.ஜி.ஆர். சென்னையிலிருந்து நியூயார்க்கின் புரூக்ளினுக்கு மருத்துவர்கள் துணையுடன் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே மாற்றுச் சிறுநீரகம் பெற்று 1985 பிப்ரவரியில் திரும்பினார். அந்தப் பயணத்தின் ஆபத்து முழுவதும் அவருடையது. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப்போலக் குறையும்; இதயமும் நுரையீரலும் தளர்ந்தவர்களுக்கு அது சோதனை. ஆனால் தெரிந்தே அந்த ஆபத்தை ஏற்க அவர்களுக்கு உரிமை உண்டு.

தொற்றுநோய் அப்படியல்ல.

2003 மார்ச் 15 அன்று ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் சென்ற ஏர் சைனா விமானத்தில் காய்ச்சலுடன் ஒரு முதியவர் பயணம் செய்தார். மூன்று மணி நேரப் பயணம்தான். விமானத்தில் இருந்த 120 பேரில் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியது. பல வரிசைகள் தள்ளி உட்கார்ந்திருந்தவர்களும் தப்பவில்லை. விமானத்தின் வடிகட்டிகள் கிருமிகளைப் பெரும்பாலும் அகற்றிவிடும் என்பது உண்மை. ஆனால் இருமலில் தெறிப்பது வடிகட்டிக்குப் போகும் முன்பே பக்கத்து இருக்கைக்காரரைச் சேர்ந்துவிடலாம். சின்னம்மையில் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தொற்று நீடிக்கும். பக்கத்தில் இருப்பவர் கர்ப்பிணியாகவோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவராகவோ இருக்கலாம். முழுக்கைச் சட்டையால் கொப்புளத்தை மறைத்து ஏறுபவர், அவர்களைக் கேட்காமலே அவர்களுடைய உயிரைப் பணயம் வைக்கிறார். அது தவறு.

ஆனால் அந்தத் தவறுக்கு அவரைத் தள்ளுவது எது? டிக்கெட் பணம் திரும்ப வராது. விசா தேதி முடிந்துவிடும். வேலை கைநழுவும். கடன் வாங்கிக் கிளம்பியவரிடம் இவ்வளவு இழப்பையும் தனியாகத் தாங்கு என்று சொல்வது நியாயமாகாது. ஊரில் அம்மை கண்ட வீட்டாரை யாரும் அபராதம் கட்டச் சொல்வதில்லை. 2020-இல் கொரோனா பரவியபோது பல விமான நிறுவனங்கள் தேதி மாற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. ஆகவே முடியாத காரியம் இல்லை.

மறுபக்கத்திலும் ஆபத்து உண்டு: யாரை ஏற்றுவது என்பதை நிறுவனமே தன்னிச்சையாக முடிவுசெய்துவிடலாம். 2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவன் விமானத்தில் ஏற்றப்படவில்லை. அந்த விமான நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதன்பின், பயணிக்கு உடல்நிலை மோசமாகும் என்று தோன்றினால் மருத்துவரின் கருத்தைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என விதி திருத்தப்பட்டது. தொற்றுநோயாளிக்கும் அதே வழி பொருந்தும்: முடிவு மருத்துவருடையதாக இருக்கட்டும்; அவர் தரும் சான்றைக் காட்டினால் கட்டணமின்றித் தேதி மாறட்டும்; வேலைக்கு எடுத்தவரும் நோய் தீரும்வரை பொறுக்கட்டும். இவை கிடைத்த பிறகும் நோயை மறைத்து ஏறுபவருக்குச் சொல்ல எந்தச் சாக்கும் இருக்காது.