காவலரின் வேகம்

துபாயில் பணிபுரிந்து வரும் நம் பழைய மாணவர் ஒருவர், சென்ற பெருநாளன்று நமக்கு ஒரு நிழற்படம் அனுப்பியிருந்தார். வெள்ளையும் பச்சையுமாய்த் தீட்டப்பெற்ற லம்போர்கினிக் கார் ஒன்று. அதன் பக்கத்தில் அந்நாட்டுக் காவலர். அவரையொட்டிப் புதுச்சட்டையணிந்த நம் மாணவர். மாலையில் ஓதவரும் பிள்ளைகளுக்கு அப்படத்தைக் காட்டினோம். காட்டியிருக்க வேண்டாம், அன்றைய பாடம் அத்தோடு நின்று போயிற்று. பையன்கள் எல்லாரும் வண்டியின் வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், இதில் இரண்டு பேர்தானே உட்காரலாம்? திருடனைப் பிடித்தால் அவனை எங்கே உட்கார வைப்பார்கள்?" என்று கேட்டான்.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டுக்கணக்கில் தர்க்கநூல் கற்பித்துவரும் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அச்சிறுவன் கேட்டுவிட்டான். ஒரு பொருள் எக்காரியத்துக்கென்று சொல்லப்படுகிறதோ அக்காரியத்துக்கு அது பொருந்துகிறதா என்பதன்றோ முதற் கேள்வி?

துபாய்க் காவல்துறை 2013 ஏப்ரலில் லம்போர்கினி அவென்டடார் என்னும் வண்டியைத் தன் அணியில் சேர்த்தது. பின்னர் ஃபெராரி, பென்ட்லி, ஆஸ்டன் மார்ட்டின் என்று ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. மணிக்கு 407 கிலோமீட்டர் ஓடவல்ல புகாட்டி வேரோன் வண்டிக்கு, பணியிலுள்ள காவல் வண்டிகளுள் உலகிலேயே வேகமானது என்று 2017ஆம் ஆண்டில் கின்னஸ் சான்றும் கிடைத்தது. துபாயின் எந்தச் சாலையிலும் அதில் பாதி வேகத்துக்குக்கூடச் சட்டம் இடந்தருவதில்லை. அவ்வண்டிகள் துரத்துவதற்கென வாங்கப்பட்டவையல்ல என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும். அத்துறையினரும் இதை மறைக்கவில்லை. சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில், புர்ஜ் கலீஃபா போன்ற கட்டடங்களின் அருகில், மக்கள் காவலரை நெருங்கி வரவேண்டும் என்பதற்காகவே அவற்றை நிறுத்துகிறோம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

இதைக் கேள்விப்பட்ட நாளில் நாம் ஒரு ஜும்ஆ பயானில் இஸ்ராஃப் என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிட்டோம். வீண்செலவு, அவ்வளவுதான். அந்தப் பயானைப் பதிவில் கேட்டிருந்த இதே மாணவர்தாம் இப்போது படத்தோடு சில வரிகளும் எழுதியிருந்தார். "உஸ்தாத், பதினோரு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். போலீஸ்காரரைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போய்விடுவேன். என் தாள்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன, இருந்தாலும் போய்விடுவேன். ஒரு போலீஸ்காரரின் பக்கத்தில் நின்று ஸலாம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவரே என்னைக் கூப்பிட்டு நிற்கச் சொன்னார். நீங்கள் அன்று சொன்னது முழுவதும் சரிதானா?"

முழுவதும் சரியன்று என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். அந்த வண்டிகளின் மேல் எழுதியிருக்கும் ‘ஷுர்த்தா’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். காவல் படையினருக்கு இப்பெயர் ஏன் வந்தது என்பதற்கு அரபு அகராதியாசிரியர்கள் தரும் விளக்கமாவது: அவர்கள் பிறர் தம்மை அறிந்துகொள்ளும் பொருட்டுத் தமக்கென ஓர் அடையாளத்தை அணிந்திருந்தார்கள், அடையாளம் என்னும் பொருளுடைய வேரிலிருந்தே ஷுர்த்தா பிறந்தது. கியாமத்தின் அடையாளங்களை ‘அஷ்ராத்’ என்று ஓதுகிறோமே, அதே வேர்தான். ஆகவே காவலன் என்பவன் காணப்பட வேண்டியவன். வழிதவறிய பிள்ளையும், பணப்பை பறிகொடுத்தவனும், கூட்டத்தினிடையே அவனைக் கண்டு அவனிடம் ஓடிவர வேண்டும். அப்படிக் காணப்படுவதற்கு ஒரு பளபளக்கும் வண்டி உதவுமாயின், அதை வெறும் வீண்செலவென்று தள்ளுவது அவசரத் தீர்ப்பேயாகும்.

ஆனால் தீர்ப்பை முற்றிலும் திரும்பப் பெறவும் நம்மால் இயலவில்லை. அந்தப் படத்துக்காக நம் மாணவர் இரண்டு பேருந்து மாறிப் போயிருக்கிறார். அவர் தங்கியிருக்கும் தொழிலாளர் விடுதிப் பக்கம் அத்தகைய வண்டி வந்து நின்றதை அவர் கண்டதில்லை. அடையாளம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர் அதைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. இது ஒரு குறைதான். எனினும் நின்றுகொண்டிருக்கும் வண்டியால் வரும் கேடு பொருளோடு போய்விடும். ஓடும் வண்டியின் கதை வேறு.

காவலர்க்கு வேகமான வண்டி வேண்டும் என்னும் எண்ணம் புதிதன்று. 1962இல் ரோமாபுரிக் காவலர்க்குக் கறுப்பு நிற ஃபெராரி 250 ஜிடிஇ ஒன்று தரப்பட்டது. அதை ஓட்டிய அர்மாந்தோ ஸ்பதாஃபோரா என்பவரின் பெயர் இன்றும் அங்கே பேசப்படுகிறது. குற்றவாளியைத் துரத்திக்கொண்டு புகழ்பெற்ற ஸ்பானியப் படிக்கட்டுகளில் வண்டியோடு இறங்கினார் என்று ஒரு கதையும் உண்டு. கதையென்றே அதை விட்டுவிடுவோம். அமெரிக்காவில் கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவலர்கள், தம் கனத்த வண்டிகளால் பிறரை எட்டிப்பிடிக்க முடியாதுபோகவே, 1982இல் ஃபோர்டு மஸ்டாங் வண்டிகள் 400 வாங்கினர். திருடனிடம் வேகம் இருந்தால் காவலனிடம் அதைவிட மிகுதியான வேகம் இருக்க வேண்டும் என்பது இதன் நியாயம். கேட்பதற்கு நேர்மையான நியாயமாகவே இருக்கிறது.

நம் மனத்தைப் பிடித்தது நெதர்லாந்துக்காரர் செய்த ஏற்பாடு. அங்கும் 1962இல்தான் நெடுஞ்சாலைக் காவலர்க்குப் போர்ஷே வண்டிகள் வந்தன. 1990களின் நடுப்பகுதிவரை, மாதிரிகள் மாறினாலும், அவ்வழக்கம் தொடர்ந்தது. மேல்மூடியைத் திறந்துவிடக்கூடிய வண்டிகளையே அவர்கள் விரும்பி வாங்கினர். அதற்குக் காரணம் உண்டு. காவலர் ஓடும் வண்டியில் எழுந்து நின்று, பின்னே வருவோர்க்குக் கையால் சைகை காட்ட வேண்டும். முன்னே விபத்து நேர்ந்திருக்கிறது, மெல்ல வாருங்கள் என்று தெரிவிக்க வேண்டும். விரைந்து போவதற்காக வாங்கிய வண்டியில் நின்றுகொண்டு பிறரை மெல்ல வரச்செய்தார்கள். அவர்கள் வேலையில் பெரும்பகுதி, பழுதாகி நின்ற வண்டிகளுக்கு உதவுவதும் அடிபட்டோர்க்கு முதலுதவி செய்வதுமாய் இருந்தது. அங்கே வேகம் துன்பப்பட்டவனிடம் சென்று சேர்வதற்குப் பயன்பட்டது.

இனித் துரத்துதலுக்கு வருவோம். கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ பகுதியில், 1990 மே மாதத்து இரவொன்றில் நடந்தது இது. இரு இளைஞர்கள் ஒரு மோட்டார் சைக்கிளில் மிக வேகமாய்ப் போனார்கள். ஓட்டியவனுக்கு வயது 18. பின்னே அமர்ந்திருந்தவனுக்கு 16. காவலர் நிறுத்தச் சொன்னார், ஓட்டியவன் நிறுத்தவில்லை. காவல் வண்டி குடியிருப்புத் தெருக்களின் வழியே துரத்தியது. வேகம் சில இடங்களில் மணிக்கு 160 கிலோமீட்டரை எட்டியது. நான்கு போக்குவரத்து விளக்குகளைக் கடந்தார்கள். காவல் வண்டி சில சமயம் 30 மீட்டர் இடைவெளியில் பின்தொடர்ந்தது. அந்த வேகத்தில் அது நிற்பதற்கு ஏறத்தாழ 200 மீட்டர் தேவை. முடிவில் மோட்டார் சைக்கிள் ஒரு மேட்டைக் கடந்து திரும்ப முயன்று சாய்ந்தது. ஓட்டியவன் தப்பி விலகினான். பின்னே இருந்த 16 வயதுப் பையன்மேல் காவல் வண்டி மோதிற்று. அவன் அங்கேயே இறந்தான். துரத்தல் தொடங்கியதிலிருந்து முடிந்ததுவரை 75 விநாடிகள்.

வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம்வரை சென்றது. காவலருக்குத் தீங்கு செய்யும் நோக்கமில்லை. நொடியில் முடிவெடுக்க வேண்டிய நிலை. ஆகவே அரசியல் சட்டத்தின்படி அவர்மேல் பொறுப்பில்லை என்று 1998இல் தீர்ப்பாயிற்று. சட்டத்தின் அளவுகோலில் அது சரியாயிருக்கலாம். அந்நாட்டுச் சட்டம் நாம் கற்ற துறையன்று. ஆனால் அந்தப் பையன் செய்த குற்றம் என்ன? அவன் வண்டி ஓட்டவில்லை. நிறுத்தும் உரிமை அவன் கையில் இல்லை. ஒரு நண்பனின் பின்னே அமர்ந்திருந்தான். அவ்வளவுதான்.

நோக்கம் நல்லதாயிருந்தது என்னும் விடை இங்கே போதுமா என்று நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். நிய்யத்தை நாம் குறைத்து மதிப்பவரல்லர்; அமல்களின் மதிப்பு அதில்தான் தங்கியிருக்கிறது என்று கற்பித்து வருபவர்கள். ஆயினும் நிய்யத், செய்தவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையே உள்ள கணக்கு. தெருவில் நின்றவனுக்கு அதில் ஆறுதல் ஏது? பிக்ஹுச் சட்டவியலார் வகுத்த பொதுவிதிகளுள் ஒன்று இவ்விடத்தில் நமக்குத் துணை நிற்கிறது. ஒரு தீங்கை அகற்றப் போய், அதற்கு நிகரான வேறொரு தீங்கை உண்டாக்குதல் தகாது என்பர் அவர்கள். அகற்றப்படும் தீங்கைவிட வருவிக்கப்படும் தீங்கு பெரிதாயின் அதைப்பற்றிப் பேசவே வேண்டியதில்லை. வேகமாய் ஓட்டினான் என்னும் குற்றத்துக்காக, அதைவிட வேகமாய் ஓட்டி அவனைத் துரத்துவது எந்தத் தராசில் நிற்கும்?

எதிர்வாதம் உண்டென்பதை மறைக்கமாட்டோம். காவலர் துரத்தவே மாட்டார் என்று தெரிந்தால் ஒவ்வொரு கள்வனும் வண்டியை முடுக்கிக்கொண்டு ஓடத்தானே செய்வான்? உண்மைதான். முதற்குற்றமும் ஓடியவனுடையதே, அதை யாரும் காவலர் தலையில் கட்டிவிட முடியாது. கடத்தப்பட்ட குழந்தையோடு ஒருவன் ஓடுவானாகில், கொலை செய்துவிட்டு அடுத்த கொலைக்கு ஒருவன் ஓடுவானாகில், துரத்தாதிருப்பதே பெருந்தீங்கு. அப்போது வேகமான வண்டி ஒரு நிஃமத்தாகும். ஆனால் ஓடுபவனின் வண்டியெண் தெரிந்திருக்க, அவன் வீடு எங்கேயென்பதைச் சில நிமிடங்களில் அறிந்துகொள்ள முடிந்திருக்க, கம்பியில்லாச் செய்தி அவனுக்கு முன்னே பத்து ஊர்களைச் சென்று சேர்ந்திருக்க, இந்த 75 விநாடிக்குள் பிடித்தே தீரவேண்டும் என்னும் வேட்கை எங்கிருந்து வருகிறது? அது சட்டத்திலிருந்து வருவதாய் நமக்குத் தோன்றவில்லை. தோற்கக்கூடாது என்னும் மனத்திலிருந்து வருகிறது. கையில் வேகமான வண்டி இருந்தால் அந்த மனம் இன்னும் சீக்கிரம் எழும். கத்தி கூரியதாயிருந்தால் பழத்தை வெட்டாமல் மேசையைக் கீறிப்பார்க்கும் பிள்ளைகளை நாம் கண்டதில்லையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரவுக்காவலுக்கு அரபில் ‘அஸஸ்’ என்றொரு சொல் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் தெருக்களில் இரவில் சுற்றிவந்ததை அச்சொல்லோடு சேர்த்தே வரலாற்றாசிரியர்கள் சொல்வர். பசித்த பிள்ளைகளின் அழுகுரலைக் கேட்டு அவர்கள் மாவுமூட்டையைத் தோளில் சுமந்து சென்ற செய்தி நம் வீடுகளில் எல்லாரும் அறிந்தது. அவர்கள் நடந்து சென்றார்கள். ஆகவே அழுகுரல் காதில் விழுந்தது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 55 மீட்டர் நிலம் பின்னே போய்விடுகிறது. அந்தக் கண்ணாடிக்குள் இருப்பவர்க்கு எந்த வீட்டின் குரல் கேட்கும்? ரோந்து என்பது சுற்றிவந்து பார்த்தல், கேட்டல். துரத்தல் அதன் ஒரு சிறு கிளை. அக்கிளைக்காகவே மரத்தை வளர்ப்பது போலாகிவிட்டது இக்காலத்து ஆசை.

இவ்வளவும் எழுதிய பின், நம் எண்ணத்தை மீண்டும் குழப்பியது இத்தாலியிலிருந்து வந்த ஒரு செய்தி. அந்நாட்டு அரசுக் காவல்துறைக்கு லம்போர்கினி நிறுவனம் 2004இல் கல்லார்தோ என்னும் வண்டியைக் கொடையாக வழங்கியது. 2014க்குப் பின் ஹுராக்கான் என்னும் மாதிரி அதன் இடத்துக்கு வந்தது. இவ்வண்டிகளுக்கு எஞ்சின் பின்புறம் இருப்பதால் சாமான் பெட்டி முன்புறம் இருக்கிறது. அந்தப் பெட்டியில் ஒரு குளிர்சாதன அறை வைத்திருக்கிறார்கள். இறந்தவர் உடலிலிருந்து கொடையாய்ப் பெற்ற உறுப்பை, அதற்காகக் காத்திருக்கும் நோயாளியிடம் கொண்டுசேர்க்க. 2020 நவம்பரில் பாதுவா நகரிலிருந்து ரோமிலுள்ள ஜெமெல்லி மருத்துவமனைக்கு இப்படி ஒரு சிறுநீரகம் சென்றது. ஏறத்தாழ 490 கிலோமீட்டர் தூரத்தை இரண்டு மணி நேரத்தில் கடந்தார்கள் என்று செய்தி வெளியாயிற்று.

படித்ததும் நம் கண் கலங்கிற்று. அதே இயந்திரம், அதே வேகம். யாரோ ஒருவர் உயிர்பிழைக்க ஓடுகிறது. ஆனால் ஆசிரியத் தொழிலின் பழக்கம் விடுமா? சிறுநீரகத்தைக் குளிரில் வைத்தால் ஒரு நாள்வரை, சில வேளை அதற்கு மேலும், பழுதின்றி இருக்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இருதயத்துக்குத்தான் ஏறத்தாழ நான்கு மணி நேரமே அவகாசம். அப்படியாயின் அன்று அந்த வேகம் முழுவதும் தேவைதானா? சிறுநீரகமும் விரைவில் சேர்வது நல்லதுதான். ஆனால் அந்நெடுஞ்சாலையின் வேக வரம்பு 130. அதை அவ்வளவு கடந்து சென்றபோது, அவ்வழியே தம் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்த குடும்பங்களும் அந்த ஆபத்தில் ஒரு பங்கைச் சுமந்தன. அவர்களை யாரும் கேட்கவில்லை. 2009இல் கல்லார்தோ வண்டிகளுள் ஒன்று கிரெமோனா நகரில் நொறுங்கியதையும் நினைத்துக்கொண்டோம். அன்று அது யாரையும் துரத்தவில்லை. மாணவர்க்கான கண்காட்சியொன்றில் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில், எரிபொருள் நிலையத்திலிருந்து குறுக்கே வந்த வண்டிக்காக விலகி, நிறுத்தியிருந்த கார்களில் மோதியது. உள்ளேயிருந்த இரு காவலரும் காயமுற்றனர்.

இருதயம் என்றால் போகட்டும், சிறுநீரகம் என்றால் கொஞ்சம் மெல்லப் போகட்டும் என்று நாம் சொன்னால், படுக்கையில் காத்திருப்பவரின் மனைவி நம்மை என்ன சொல்வாள்? அதையும் எண்ணிப் பார்த்தோம். நம்மிடம் அவளுக்குச் சொல்ல உறுதியான விடை இல்லை.

மறுநாள் அந்தச் சிறுவனிடம் இத்தாலி வண்டியின் முன்பெட்டியைப் பற்றிச் சொன்னோம். திருடனுக்கு இடமில்லாத வண்டியில் ஒரு சிறுநீரகத்துக்கு இடமிருக்கிறது என்றதும் அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அது ஆம்புலன்ஸ்தானே, ஹஜ்ரத்? ஏன் போலீஸ் என்று எழுதியிருக்கிறார்கள்?" என்றான். பாடத்தை எடு என்று சொல்லிவிட்டோம். துபாய் மாணவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அவர் பெருநாள் சட்டை நன்றாக இருக்கிறது என்று எழுதுவதற்கு மட்டும் இப்போதைக்கு உறுதியாய் முடியும்.