காதுக்குத் தீட்டில்லை

வள்ளியூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் ஆளைத் தேடுவார்கள், விஷயத்தை விட்டுவிடுவார்கள். எங்கள் கோயிலில் வருஷா வருஷம் அசனம் நடக்கும். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவனுக்கு அசனம் என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. ஊரே அரிசியும் தேங்காயும் கிடாயும் கொடுத்து, ஒரே இடத்தில் பொங்கி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை.

எனக்குப் பன்னிரண்டு வயசிருக்கும். அந்த வருஷ அசனத்தன்று காலை ஆராதனையில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் சமாரியப் பெண்ணைப் பற்றிப் பேசினார். யூதன் கைநீட்டி வாங்கக்கூடாத ஒருத்தியிடம் கிணற்றடியில் இயேசு தண்ணீர் கேட்டதை அவர் சொன்னபோது, பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஆராதனை முடிந்தது. எங்க அம்மாவும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் காய் வெட்டுகிற இடத்துக்குப் போய் அருவாமணை முன்னால் உட்கார்ந்தார்கள். “ஏட்டி, நீங்க எதுக்கு இங்க? பந்தி முடிஞ்ச பொறவு எலை எடுக்க வாங்க” என்று ஒருத்தர் சொன்னார். அதட்டிச் சொல்லவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னார். அவரும் காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்தான்.

ராத்திரி திண்ணையில் ஆச்சி சொன்னாள்: “எய்யா, பிரசங்கம் நல்லாத்தாம் இருந்துச்சு. காதுக்குத் தீட்டு கெடையாதுல்லா. கைக்கும் வாய்க்குந்தான தீட்டு.”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. வழிபாட்டில் பிரசங்கத்துக்கு என்ன வேலை என்று படித்தவர்கள் எழுதியதையும் கொஞ்சம் வாசித்தாயிற்று. ஆச்சி போட்ட இந்தக் கணக்கை அவர்களில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

ஆச்சி சொன்னது அவளுக்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே நடந்துவிட்ட கதை. தஞ்சாவூர்ப் பக்கம் ராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார் இருந்தார். ராஜாவின் படையில் சேவகராக இருந்தவர், பறையர். தரங்கம்பாடி மிஷனுக்காக ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்து சபைகளை வளர்த்தவர். 1733-இல் ஆரோன் என்ற வெள்ளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்த மிஷன், 1741-இல் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்போது ராஜநாயக்கனை விட்டுவிட்டு தியோகு என்பவருக்குக் கொடுத்தது. ராஜநாயக்கனிடம் திறமைக் குறைவோ பக்திக் குறைவோ கண்டுபிடிக்கவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூசுவார்கள், அதனால் நற்கருணைக்கே மரியாதை குறைந்துவிடும் என்று மிஷனரிகள் பயந்தார்கள். நற்கருணையின் மரியாதையை யார் மனசில் வைத்து அளந்தார்கள் பாருங்கள்!

ஆக, அவர் வாயிலிருந்து வரும் தேவவசனத்தைக் கேட்கலாம், அவர் கையிலிருந்து வரும் அப்பத்தை வாங்கக்கூடாது. வசனம் காற்றில் வருகிறது, அப்பம் விரலைத் தொட்டு வருகிறது. சாதி ரொம்ப சூட்சுமமான சரக்கு. தன்னைத் தொடாத எதையும் அது கோயிலுக்குள் விட்டுவிடும். பிரசங்கத்தை விட்டதும் அதனால்தான்.

வள்ளியூரிலிருந்து பக்கந்தான் வடக்கன்குளம். அங்கே கத்தோலிக்கர்கள் 1872-இல் கட்டிய கோயில் கால்சட்டை மாதிரி இரண்டு கால் பிரிந்த கோயில். ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடார், நடுவில் மறைப்பு, இரண்டும் சேருகிற இடுப்பில் பீடம். பீடத்திலிருந்து சாமியார் பேசினால் இரண்டு பக்கத்துக்கும் கேட்கும். “நீங்கள் எல்லாரும் ஒரே சரீரம்” என்றுகூட அங்கே நின்று சொல்லலாம், இரண்டு பக்கமும் ஆமென் சொல்லும். சத்தத்தைத் தடுக்கச் சுவர் கட்டவில்லையே, ஆளைத் தடுக்கத்தானே கட்டினார்கள்! 1910-இல் யேசு சபைக் குரு கௌசானல் அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அத்தனை வருஷம் பேசிய பிரசங்கத்துக்கு எந்த வழக்கும் வரவில்லை. கடப்பாரை எடுத்த அன்றைக்குத்தான் வழக்கு வந்தது. அது இரண்டு சாதிகளுக்கிடையில் நடந்த சண்டை, நம்முடைய சண்டை இல்லை என்று சொல்லலாம். இருந்தாலும் அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

“அப்படியானால் பிரசங்கமே வேண்டாம், அது வெறும் வாய்ப்பந்தல்” என்று நம்ம பையன்கள் சொல்கிறார்கள். கோபம் நியாயம். ஆனால் நான் அந்த முடிவுக்கு வரமாட்டேன். காரணம் இருக்கிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் மயிலாடி. அங்கே இருந்த மகாராசன், சாம்பவர், தெய்வத்தைத் தேடிச் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் பிரசங்கம் கேட்டார், வேதமாணிக்கம் ஆனார். அவர் தேடிப்போய் அழைத்ததால்தான் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806-இல் மயிலாடிக்கு வந்தார். 1809-இல் அங்கே கோயில் எழும்பியது. 1816-இல் ரிங்கல்தௌபே ஊரைவிட்டுப் போனபோது மிஷன் பொறுப்பை வேதமாணிக்கத்திடந்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார். தெருவுக்குள் வராதே என்று மட்டுமே கேட்டுப் பழகிய காதில், உன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று ஒரு குரல் விழுந்தால் மனுசன் என்ன ஆவான் என்பதற்கு அவர் சாட்சி.

கத்தோலிக்கத் தெருக்களில் இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. எங்க ஆச்சி காலத்தில் பூசை லத்தீனில் நடந்தது. சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பூசைக்கு நடுவே அவர் ஜனங்களைப் பார்த்து ஜனங்களின் பாஷையில் பேசுகிற நேரம் பிரசங்க நேரம்தான். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம், மறையுரை வழிபாட்டின் ஒரு பகுதியே, ஞாயிற்றுக்கிழமையில் தக்க காரணமில்லாமல் அதை விடக்கூடாது என்று சொன்னது. பள்ளிக்கூடம் பார்க்காத நம்ம சனத்துக்கு நியாயம், நியாயத்தீர்ப்பு, விடுதலை என்கிற வார்த்தைகளெல்லாம் முதலில் அந்த இடத்திலிருந்துதான் வந்தன. அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? சடங்கும் சப்பரமும் வரிக்கணக்கும் மிஞ்சும். அவையெல்லாம் யார் கையில் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே பிரசங்கத்தை ஒழிப்பது என் கட்சியல்ல. அது எதற்கு ஆளாகவேண்டும் என்பதுதான் கேள்வி. நாசரேத்தில் இயேசு செய்த பிரசங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைகளுக்கு நற்செய்தி, ஒடுக்கப்பட்டோருக்கு விடுதலை என்று வாசித்தவரைக்கும் சபை அவரை மெச்சியது. தேவன் அந்நிய சாதி விதவையிடத்தில் தீர்க்கதரிசியை அனுப்பினார் என்று அவர் சொன்னவுடன் எழுந்து, அவரை மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்த்தது. கேட்டவர்கள் சொல்லைச் செயலோடு சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். நம்ம கோயில்களில் அந்த ஆபத்து பிரசங்கியாருக்கு வருவதே இல்லை. காப்பி குடித்துவிட்டுப் பத்திரமாகப் போய்ச் சேருகிறார்.

இன்னொன்று. நம்ம பக்கத்து வில்லுப்பாட்டில்கூட அண்ணாவி ஒரு வரி சொன்னால் பக்கப்பாட்டுக்காரர் “ஆமா” போடுவார், சந்தேகம் வந்தால் குறுக்கே கேள்வியும் கேட்பார். கோயிலில் மட்டும் ஒருத்தர் மேலே நின்று பேச, மற்ற எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேண்டும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியாப்பிலஸ் அப்பாவு, பரட்டை என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டவர், 2005-இல் மறைந்தார். அவர் நம்ம தாளத்தில் வழிபாட்டுப் பாட்டு கட்டினார். ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதே இறையியல் என்று போதித்தார். பிரசங்கம் சரியா தப்பா என்று பார்க்க இதைவிட நேரான சோதனை எனக்குத் தெரியவில்லை. காலையில் பேசியதை மத்தியானம் உலையடியில் வைத்துப் பார்த்தால் போதும்.

மறு வருஷ அசனத்துக்கும் அம்மா போனாள். அருவாமணை முன்னால் உட்கார்ந்தாள். எலை எடுக்க வரச் சொன்னார்கள். அவள் தலை நிமிராமல் பூசணிக்காயை வெட்டிக்கொண்டே இருந்தாள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பந்தி விரித்தபோது ஏழெட்டுக் குடும்பம் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனது. காலையில் அவர்கள் அத்தனை பேரும் கடைசி வரைக்கும் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டவர்கள்.

அன்றைக்குப் பேசிய ஐயர் எழுந்து போகவில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்தார், அம்மா வெட்டிய காயைச் சாப்பிட்டார், கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். ஆனால் அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிறு பீடத்தில் ஏறியவர், அந்த ஏழெட்டுக் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை நல்லவர் என்பதா, பயந்தவர் என்பதா? அம்மாவிடம் ஒரு தரம் கேட்டேன். “சாப்பிட்டாருல்லா, அது போதும்” என்றாள். எனக்கு இன்னும் போதவில்லை.