வாயில் ஒரு நிய்யத், மனத்தில் ஒரு நிய்யத்

ஜும்ஆ தொழுகை முடிந்து நாம் சேலத்தில் பள்ளிவாசல் படியில் நின்றிருந்தபோது, நாமக்கல் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் நம்மைத் தனியே அழைத்தார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய மகன் பொறியியல் முடித்திருக்கிறான். மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல விண்ணப்பம் தயாராகிக் கொண்டிருக்கிறது.

“படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி அத்தாவின் பட்டறையைப் பார்த்துக் கொள்வேன் என்று ஏஜெண்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார், பாய். பையன் திரும்பி வரப் போவதில்லை. அங்கேயே குடியிருக்கத்தான் போகிறான். அதற்குத்தான் நானும் அனுப்புகிறேன். அந்தக் கடிதத்தில் அவன் கையெழுத்துப் போடலாமா?”

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அன்று. இன்று நம் வீடுகள் பலவற்றில் கேட்கப்பட வேண்டிய கேள்வி இது. கேட்கப்படாமல் விடப்படும் கேள்வியும் இதுவே.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுவோம். பிழைப்பைத் தேடிப் பிற நாடு செல்வதை இஸ்லாம் தடுக்கவில்லை. நம் கடற்கரை ஊர்களில் ‘சபராளி’ என்று ஒரு சொல்லே உண்டு. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்ப் பொருள் ஈட்டியவர்களை அப்படி அழைத்தார்கள். அவர்களில் பலர் திரும்பினார்கள். சிலர் அங்கேயே குடும்பம் வைத்து வேர் விட்டார்கள். யாரும் அதைப் பாவம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்குப் போகிறவர் கடைக்குப் போகிறேன் என்றே சொல்லிப் போனார். இன்றோ, குடியேறப் போகிறவர் படிக்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலின் முதல் ஹதீஸாக நிய்யத்தைப் பற்றியதை வைத்தார்கள். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்று கூறிய நாயகம் (ஸல்) அவர்கள், அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது தொழுகையையோ நோன்பையோ அன்று; ஊர் விட்டு ஊர் போகும் ஹிஜ்ரத்தை! பயணத்தில்தான் மனிதன் தன் எண்ணத்தை மற்றவரிடமும், சில வேளை தன்னிடமே கூட, மறைக்கிறான் போலும்.

ஹிஜ்ரத் என்றதும் அபிசீனியா நினைவுக்கு வருகிறது. கி.பி. 615-ல் மக்காவின் கொடுமை தாங்காமல் ஸஹாபாக்களில் ஒரு கூட்டம் அங்கே அடைக்கலம் புகுந்தது. அவர்களைத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக் குறைஷிகள் பரிசுப் பொருள்களோடு தூதர்களை அனுப்பினார்கள். முதல் நாள் தூது பலிக்கவில்லை. மறுநாள், “இவர்கள் ஈஸாவைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்” என்று கிறிஸ்தவ மன்னரான நஜ்ஜாஷியைத் தூண்டி விட்டார்கள். அன்று அந்த ஏழை முஹாஜிர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். மன்னருக்குப் பிடித்தமாக ஒரு சொல் சொன்னால் தங்கலாம். உண்மையைச் சொன்னால் விரட்டப்படலாம். தங்களுக்குள் கலந்து பேசினார்கள். வருவது வரட்டும், அல்லாஹ் அறிவித்ததையே சொல்வோம் என்று முடிவு செய்தார்கள். ஜஃபர் (ரலி) அவர்கள் அப்படியே சொன்னார்கள். மன்னர் அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தார். ஹிஜ்ரி 7 வரை ஜஃபர் (ரலி) அவர்கள் அங்கே வாழ்ந்தார்கள்.

விசா அதிகாரியின் முன் நிற்கும் நம் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய நெருக்கடியா வந்து விட்டது?

நம் ஃபிக்ஹு நூல்களில் ‘அமான்’ என்று ஒரு பாடம் உண்டு. பிறர் நாட்டுக்குள் அவர்கள் அளிக்கும் பாதுகாப்பின் பேரில் நுழையும் முஸ்லிம், அவர்களை ஏமாற்றக் கூடாது. ஒப்புக் கொண்ட நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவன் என்பது அதன் சாரம். இன்றைய விசா என்பது அந்த அமானின் புது வடிவமே.

“பாய், அந்த நாட்டாருக்கும் இது தெரியும். கல்லூரிக்குக் கட்டணம் வேண்டும், கடைக்கு ஆள் வேண்டும். அவர்களே கண்ணை மூடிக் கொள்ளும்போது நமக்கென்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் எதிரிலிருப்பவர் கண்ணை மூடிக் கொள்வதால் நம் பொய் மெய்யாகி விடாது. அவர்கள் கண்ணைத் திறக்கும் நாளும் வருகிறது. கனடாவில் போலிச் சேர்க்கைக் கடிதங்களோடு சென்ற இந்திய மாணவர்களின் விவகாரம் 2023-ல் வெடித்தது. கடிதம் போலி என்பதே தெரியாமல் ஏஜெண்டை நம்பிப் போன பிள்ளைகளும், படிப்பை முடித்த பிறகு நாடு கடத்தப்படும் அச்சத்தில் நின்றார்கள். அவ்வாண்டு டிசம்பர் முதல், ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரி பார்க்கும் முறை வந்தது. 2024-ல் மாணவர் அனுமதிக்கே உச்சவரம்பு விதித்தார்கள். ஒருவர் சொன்ன பொய்க்கு, உண்மையாகவே படிக்கப் போகும் அடுத்த வீட்டுப் பிள்ளையும் விலை கொடுக்கிறான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லா நாட்டுச் சட்டமும் ஒன்றன்று. அமெரிக்காவில் மாணவர் விசா கேட்பவர், தம் நாட்டிலுள்ள இருப்பிடத்தைக் கைவிடும் எண்ணம் இல்லாதவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே வேறு எண்ணத்தோடு கையெழுத்திடுவது பொய்யே. கனடாவின் குடிவரவுச் சட்டமோ, பிற்காலத்தில் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பது மட்டுமே தடையாகாது என்கிறது; அனுமதிக் காலம் முடியும்போது வேறு வழி கிடைக்காவிட்டால் வெளியேறி விடுவேன் என்ற உறுதி இருந்தால் போதும். இரண்டு எண்ணத்தையும் ஒளிக்காமல் சொல்ல அங்கே வழி இருக்கிறது. ஹலாலான வாசல் திறந்திருக்கும்போது சுவரேறிக் குதிப்பானேன்?

பொய் கடிதத்தோடு நிற்பதும் இல்லை. கனடா செல்லும் மாணவர் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 10,000 டாலராக இருந்தது, 2024 ஜனவரியில் 20,635 ஆயிற்று. பிறகு மேலும் உயர்ந்தது. அதைக் கணக்கில் காட்டுவதற்காக வட்டிக்குப் பணம் வாங்கிச் சில வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கிறார்கள். இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டுவது ஒரு பொய். அதற்கு வட்டி வேறு! அங்கே போன பின், படிப்புக் காலத்தில் வெளியே வாரம் 24 மணி நேரமே வேலை செய்யலாம் என்ற வரம்பை மீறிக் கையில் கூலி வாங்குகிறான் பையன். உழைத்த கூலி கிடைக்காவிட்டாலும் வாய் திறந்து கேட்க முடியாது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் இத்தனையையும் ஏற்றி அனுப்புவது யார்? பெற்றோராகிய நாம்தான் அன்றோ!

ஆகவே நிய்யத்தைச் சரி செய்ய வேண்டியவன் பிள்ளை மட்டும் அல்லன். அவன் அங்கே கற்றுக் கொள்ள வேண்டும் என்பது நம் எண்ணமா, அல்லது மஹல்லாவில் “என் மகன் கனடாவில்” என்று சொல்லிக் கொள்ள வேண்டும் என்பதா? அவன் அங்கேயே இருந்து விட்டால், நம் முதுமையில் மருந்து வாங்கித் தர யார் என்பதை அவனோடு பேசியிருக்கிறோமா? போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்தவரிடம், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்யத் திருப்பி அனுப்பினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். பெற்றோர் மனமொப்பி அனுப்புவது வேறு. ஆசையில் அனுப்பிவிட்டுப் பின்னர் அழுவது வேறு.

அந்தப் பெரியவரிடம் நாம் சொன்னது இதுதான்: “ஏஜெண்டு எழுதிய கடிதத்தை ஒதுக்கி வையுங்கள். இன்றிரவு மகனை அருகில் உட்கார வைத்து, உன் எண்ணம் என்ன என்று கேளுங்கள். உங்கள் எண்ணத்தையும் சொல்லுங்கள். அந்த எண்ணத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் இடம் தருகிறதோ அங்கே விண்ணப்பிக்கட்டும். கடிதத்தை அவனே எழுதட்டும். கிடைத்தால் பரக்கத், கிடைக்காவிட்டால் பட்டறை இருக்கிறது.”

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். “கிடைக்காமல் போனால் அவன் என்னைத்தான் குறை சொல்வான், பாய்” என்றார். அந்தப் பயம் நமக்கும் விளங்குகிறது. ஆயினும் உண்மை சொன்னதால் மகன் கொள்ளும் கோபம், பொய்யைக் கற்றுக் கொடுத்ததற்காக நாளை மறுமையில் நாம் சொல்ல வேண்டிய பதிலை விட இலேசானது.

வல்ல நாயன் நம் உள்ளத்தையும் எழுத்தையும் ஒன்றாக்கி, நம் பிள்ளைகள் எந்த மண்ணில் வாழ்ந்தாலும் வாய்மையோடு வாழ அருள்வானாக! ஆமீன்.