அளவையும் ஆய்வும்

வணிகவியல், பொறியியல், கல்வியியல், வானியல் ஆகிய துறைகள் ஒரு பல்கலைக்கழகத்தில் தனித்தனிக் கட்டடங்களில் இயங்கினாலும், அவை யாவும் தம் தொழிலை ஆய்வு என்ற ஒரே பெயரால் குறிக்கின்றன. அப்பெயருக்கு அவற்றை உரியவையாக்குவது எது என்பது மெய்யியல் சார்ந்த வினா. 1942இல் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பெயர்ந்து சென்ற பேராதனைக்கு மேற்கே, கொழும்பு வீதியில் சிறிது தொலைவிலுள்ள கடுகண்ணாவைக் கணவாய், இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதற்குத் தக்க இடமாகும். ஏனெனில் பொறியியலின் துணிவும் வணிகத்தின் கணக்கும் அவ்விரண்டுக்கும் உழைத்த மக்களின் வாழ்வும் அந்தக் கணவாயில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன.

தமிழ் மெய்யியல் மரபு இவ்வினாவை அளவை என்னும் தலைப்பில் ஆராய்ந்தது. ஒன்றை உண்மையெனக் கொள்வதற்கு அறிவு துணைகொள்ளும் வழியே அளவை எனப்படும். மணிமேகலைக் காப்பியத்தில் சமயவாதிகள் தத்தம் கொள்கையை விளக்கும் பகுதி, காண்டல், கருதல், உவமம், ஆகமம், அபாவம் முதலாகப் பத்து அளவைகளைக் கூறுகிறது. அந்நூலின் பௌத்தப் பகுதி காண்டலும் கருதலுமே போதும் என்கிறது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞானசித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியாரோ எல்லா அளவைகளையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றினுள் அடக்குகிறார். புலன்களால் நேரே அறிவது காட்சி. அறிந்ததைக் கொண்டு அறியாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கோர் சொல்லைக் கொண்டு அறிவது உரை. எண்ணிக்கையில் இவர்கள் வேறுபட்டாலும், எவ்வழியால் அறியப்பட்டது என்று காட்ட இயலாத கூற்று அறிவாகாது என்பதில் ஒன்றுபடுகின்றனர்.

பொறியியலில் கருதல் முன்செல்ல, காட்சி அதனைச் சோதிக்கிறது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கேப்டன் டோசன் முன்னின்று அமைத்த கண்டி வீதி கடுகண்ணாவைப் பாறையை ஊடறுத்துச் சென்றது. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை, அதே மலையில் 45 அடி முன்செல்ல 1 அடி உயரும் சரிவில் ஏறியது. இச்சரிவை இயந்திரம் ஏறும் என்பது முதலில் கணக்கில் மட்டுமே இருந்த உண்மை. முதல் வண்டி ஏறியபோதுதான் அது காட்சிக்கு வந்தது. மழைக்காலங்களில் மண் சரியும் இந்த மலைநாட்டில், ஈரக் களிமண் எந்த நிலையில் தன் உறுதியை இழக்கும் என்ற வினா உயிர்களைக் காக்கும் வினாவாகும். பின்னாளில் பேராதனைப் பொறியியற் பீடாதிபதியாகவும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய பேராசிரியர் அ. துரைராஜா, கேம்பிரிட்ஜில் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் இணைந்து 1963இல் வெளியிட்ட களிமண் ஆய்வு, அவ்வினாவுக்குச் சோதனைச்சாலை அளவீட்டையும் கணிதக் கருதலையும் பிணைத்து விடை தேடியது.

வானியலில் ஆய்வாளர் தம் பொருளைப் பெரும்பாலும் தொடவோ மாற்றவோ இயலாது. ஆகவே அங்கு உரையும் கருதலும் கூடுதலாகப் பொறுப்பேற்கின்றன. சந்திரன் புவிக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடையும் சுற்று 9 முறை நிகழ ஏறத்தாழ 248 நாள் ஆகும் என்பதைக் கொண்டு தென்னிந்தியக் கணிதர், அந்த 248 நாளுக்கும் உரிய சந்திர நிலைகளை மனனம் செய்யத்தக்க வாக்கியங்களாக அமைத்தனர். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த வாக்கியங்களைக் கொண்டே 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை, காலக்கணித முறைகளை ஆராய்ந்த ஜான் வாரன் பதிவு செய்தார். அக்கணிப்பு கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழைபட்டது. தலைமுறை தலைமுறையாக வந்த உரை இத்துணை அருகில் கொண்டுசெல்லும் என்பதும், காட்சியால் காலந்தோறும் திருத்தப்படாத உரை விலகிச் செல்லும் என்பதும் இந்த ஒரே நிகழ்வில் புலனாகின்றன. மரபைப் போற்றுவோரும் மறுப்போரும் இவ்விரண்டையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

வணிகமும் கல்வியும் மனிதரைப் பற்றிய ஆய்வுகளாதலால் அவற்றின் சிக்கல் வேறு வகையானது. வினாக்கொத்தை நிரப்புபவர் தரும் விடை காட்சி அன்று, உரை. சொல்பவர் அச்சமின்றிச் சொல்ல முடிந்ததா என்பதைப் பொறுத்தே அதன் தகுதி அமைகிறது. சொல்லப்படாததை எப்படிக் கொள்வது என்னும் இடத்தில்தான் அபாவம் என்ற அளவை கூர்மையான துணையாகிறது. ஒரு பொருள் இல்லை என்பதை அது காணப்படாமையால் அறிவதே அபாவம். தரையில் குடம் இல்லை என்பது அதற்குத் தருக்க நூலார் காட்டும் எடுத்துக்காட்டு. ஆனால் இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டிருக்கும் என்ற நிலையில் மட்டுமே அந்த முடிவு செல்லும்; இருட்டறையில் குடத்தைக் காணாதவர் அது இல்லை என்று சொல்ல உரிமையற்றவர்.

கடுகண்ணாவை வழியே கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கிய கோப்பிக்குக் கணக்கு இருந்தது. புகையிரதம் கண்டியை அடைந்த அதே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும் பதிவாகியுள்ளது. தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்து, பசியாலும் நோயாலும் வழியிலேயே மடிந்த தொழிலாளரின் பெயர்களுக்கோ தோட்டத்துப் பேரேட்டில் இடம் இருக்கவில்லை. அந்தப் பேரேட்டை மட்டும் அளவையாகக் கொண்டு கோப்பித் தொழிலின் இலாபத்தை ஆராய்பவர், பதியப்படாத இழப்பை நிகழாத இழப்பாகக் கொள்கிறார். இது இருட்டறையில் குடம் இல்லை என்பதற்கு ஒப்பான பிழை. 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு படிப்படியாகப் பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகளைத் தேர்வுப் புள்ளியால் மட்டும் மதிப்பிடும் ஆய்வும், அவர்களுக்கு முன் பல தலைமுறைகளுக்கு மறுக்கப்பட்ட கல்வியைக் கணக்கில் எடுக்காவிடின், அதே பிழையில் விழுகிறது.

சைவ சித்தாந்தம் இதற்கு மேலும் ஒரு படி சென்று, அறிவைப் பாசஞானம், பசுஞானம், பதிஞானம் என மூன்றாக வகுக்கிறது. புலன், சொல், கருவி ஆகியவற்றின் துணையால் பெறுவது பாசஞானம். அவ்வாறு பெற்ற உயிர், தானே முற்றறிவுடையது எனத் தன்னை மதித்துக்கொள்வது பசுஞானம். இறைவனின் அருளால் விளங்குவது பதிஞானம். மேற்கூறிய நான்கு துறைகளின் ஆய்வும் பாசஞானத்தைச் சார்ந்தது. அதனால் அது இழிந்ததாகிவிடாது, ஏனெனில் உயிர் அறிவிக்க அறியும் இயல்புடையது என்னும் சித்தாந்தம், கருவிகளின் துணை உயிருக்கு வேண்டும் என்பதையும் ஏற்கிறது. ஆய்வாளருக்கு உண்மையான இடர் பசுஞானத்தில் உள்ளது: தம் துறையின் அளவையில் அகப்பட்டதே உலகம் என்று எண்ணும் செருக்கில், பொறியியலாளர் மனிதரை எடைகளாகவும், வணிகவியலாளர் அவர்களைச் செலவுகளாகவும் காணத் தொடங்குவர்.

ஆகவே ஆய்வுத் துறைகளை ஒன்றாக்குவது பொதுவான ஒரு முறையன்று. பொருளுக்கேற்ப முறை வேறுபட்டே தீரும். தாம் எந்த அளவையால் அறிந்தன, அந்த அளவை எங்கே நின்றுவிடுகிறது என்ற இரண்டையும் மறைக்காமல் சொல்லும் நேர்மையே அவற்றின் பொது அறம். அந்த அறத்தைக் கைக்கொண்ட ஆய்வு சமயத்துக்குப் பகையாவதில்லை; தன்னைக் கடந்த உண்மை உண்டு என ஒப்புக்கொள்ளும் பணிவை அது நாள்தோறும் பயிற்றுவதால், சமயம் மனிதரிடம் கேட்கும் முதற்பயிற்சியை அது தன் தொழிலாகவே கொண்டுள்ளது.