"நிச்சயம்" என்று எப்போது சொல்லலாம்?



பெரிய மனிதர் ஒருத்தர் சொன்னார், ரொம்ப வருஷமா எல்லாரும் நம்புறாங்க. இது போதுமா, "நிச்சயம்"னு நாம அடுத்தவங்களுக்குச் சொல்ல?

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்தான் பகா எண். 7, 13 மாதிரி. பிரான்ஸ் நாட்டுத் துறவி மரின் மெர்சென் 1644-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 67 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வரும் 21 இலக்க எண்ணும் பகா எண் என்று அதில் இருந்தது. மெர்சென் சாதாரண ஆள் இல்லை. ஐரோப்பாவின் பெரிய அறிஞர்களே அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தாங்க. ஆனால் 232 வருஷம் கழித்து, 1876-ல், அது பகா எண் இல்லை என்று எதுவார் லூகாஸ் நிரூபித்தார். எதால் வகுபடும் என்பது அப்பவும் தெரியாது. 1903-ல் ஃபிராங்க் நெல்சன் கோல் அதை உடைத்துக் காட்டினார்: 193,707,721 × 761,838,257,287. யார் வேணும்னாலும் பெருக்கிப் பார்க்கலாம்.

இப்போ 2024 அக்டோபருக்கு வாங்க. லூக் டுராண்ட் கண்டுபிடித்த பகா எண்ணில் 41,024,320 இலக்கங்கள். 136,279,841 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்த எண் அது. முதல் சோதனை சொன்னது "அநேகமா பகா எண்" என்று மட்டும்தான். அது தப்பாகும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனாலும் உடனே அறிவிக்கலை. லூகாஸ் போட்ட வழியில் வந்த லூகாஸ்-லெமர் சோதனையை வேற வேற புரோகிராம்களில், வேற வேற கருவிகளில் ஓட்டிச் சரிபார்த்த பிறகுதான் உலகத்துக்குச் சொன்னாங்க.

அப்போ நிரூபிக்காத எதையும் நம்பக்கூடாதா? அப்படி இல்லை. என் துறையிலேயே, ஆர்எஸ்ஏ பாதுகாப்புச் சாவிக்குப் பகா எண் தேடும்போது பெரும்பாலும் முழு நிரூபணம் கிடையாது. மில்லர்-ராபின் சோதனையில், பகா எண் அல்லாத ஒன்று ஒரு சுற்றில் தப்பிக்க அதிகபட்சம் 4-ல் 1 வாய்ப்பு. சுற்றுகள் கூடக் கூட அந்த வாய்ப்பு சுருங்கிக்கிட்டே போகும். அந்த "அநேகமா"வை நம்பித்தான் வேலை நடக்குது.

ஆக, நம்புறது தப்பில்லை. "அநேகமா"வை "நிரூபிச்சாச்சு"னு பெயர் மாற்றிச் சொல்றதுதான் தப்பு. ஏன்னா, "நிரூபிச்சாச்சு"னு கேட்டவர் மேற்கொண்டு விசாரிக்க மாட்டார். "இந்தக் கஷாயம் சர்க்கரையைக் குணமாக்கும், விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்ற ஃபார்வேர்டைப் படித்து யாரோ ஒரு பாட்டி மாத்திரையை நிறுத்தினால்? அனுப்பின நமக்கு அதில் பங்கு இல்லையா?

நம்பிக்கைக்கு நிரூபணம் என்கிற வேஷம் தேவையே இல்லை. அது நம்பிக்கையாகவே நிற்கட்டும், அதில் ஒரு குறைவும் இல்லை.

அடுத்த தடவை ஃபார்வேர்டு பட்டனை அமுக்கும் முன், இந்த மூன்றில் எது உண்மையோ அதைச் சேர்த்து அனுப்புங்க: "நான் நம்புறேன்", "அநேகமா", "சரிபார்த்துட்டேன்". மூன்றுமே பொருந்தலைன்னா, அனுப்பாமலே விட்டுடலாம்.