எழுதியது யார் கை?

குழந்தைக்கு எழுத்தறிவிப்பது சின்னக் காரியமாகத்தான் தோன்றும். ஒரு தட்டு, கொஞ்சம் அரிசி, ஒரு விரல், இவ்வளவு போதும். விஜயதசமியன்று நம் வீடுகளிலும் கோயில்களிலும் நடப்பது இதுதான். பெரியவர் ஒருவர் குழந்தையை மடியில் இருத்திக்கொள்கிறார். அதன் ஆள்காட்டி விரலைப் பிடித்து, பரப்பிய அரிசியில் 'அ' எழுதுகிறார். சுற்றி நிற்பவர்கள் முகம் மலர்ந்து, "குழந்தை எழுதிவிட்டது" என்கிறார்கள்.

எழுதியது குழந்தைதானா? குறும்புக்காக இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. விரல் குழந்தையுடையது, விசை பெரியவருடையது. அரிசியில் விழுந்த எழுத்து யாருக்குச் சொந்தம்? சடங்கைப் பொறுத்தவரையில் இந்த ஆராய்ச்சி வேண்டியதில்லை. சடங்கு ஒரு வாழ்த்து. வாழ்த்தில் கணக்குப் பார்ப்பது அழகல்ல. ஆனால் மறுநாளும், அதற்கு மறுநாளும், ஆண்டுக்கணக்கிலும் நாம் அந்த விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அப்போது இது வெறும் பள்ளிக்கூடக் கேள்வியாக இராது. அறத்தைப் பற்றிய கேள்வியாகிவிடும்.

முதலில் பிடிப்பவர் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். நம்முடைய 'அ' எளிய எழுத்து அன்று. ஒரு சுழியில் தொடங்குகிறது. மேலே வளைந்து, கீழே இறங்கி, இடப்புறம் சுற்றிக்கொண்டு, கிடைக்கோடாக வலப்புறம் ஓடி, நிமிர்ந்த ஒரு கோட்டில் போய் நிற்கிறது. மூன்று வயது விரலுக்கு இது மலைப்பாதை. அதனால்தான் நேர்க்கோடுகளால் ஆன 'ட', 'ப' ஆகியவற்றை முதலில் எழுதவைக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மலைப்பாதையில் குழந்தையின் கையைப் பிடித்து நடத்துவது குற்றமா? குற்றமில்லை. பிடிக்காமல் விட்டால்தான் குற்றம். ஆனால் மலையேறக் கற்றுக்கொடுப்பது வேறு. தூக்கிக்கொண்டு போய் உச்சியில் இறக்கிவிட்டு, "ஏறிவிட்டாய்" என்று கைதட்டுவது வேறு.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பலர் பிரம்போடு சேர்த்தே நினைவுகூர்கிறார்கள். பிரம்பு இருந்தது உண்மை. அதே திண்ணையில் மணலும் இருந்தது. பிள்ளைகள் ஓலையைத் தொடுவதற்கு முன் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். மணலுக்கு ஒரு பெருங்குணம் உண்டு: அது குற்றத்தை மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் பிழை போயிற்று. மறுபடி புதிய வெளி. எழுத்தாணி கீறிய ஓலை அப்படி மன்னிக்காது. தாளும் மன்னிக்காது. பிழை செய்ய அஞ்சாத கைதான் தானாக எழுதத் துணியும். மணல் அந்தத் துணிவைக் கொடுத்தது.

இந்த மணலின் பெருமையை நம்மைவிட முன்னதாக வெளியூர்க்காரர் ஒருவர் கண்டுகொண்டார். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் வழியில் ஓர் உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டார். தம் இல்லத்திலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த உதவியாசிரியர் அதில் அக்கறை காட்டவில்லை. பெல், எழுத்து வகுப்பை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். வகுப்பு நன்றாக நடந்தது. 1797-இல் அவர் இந்த அனுபவத்தை இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று. நம் திண்ணை மணல் கடல் கடந்து போன கதை இது.

ஆனால் போன இடத்தில் எது தங்கியது? ஒரு பிள்ளை பல பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் செலவு குறையும் என்ற கணக்கே பெரிதாகப் பேசப்பட்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து ஒரே கட்டளைக்கு ஒரே எழுத்தை எழுதினார்கள். விரலுக்கு மணல் கொடுத்த உரிமையைக் கட்டளை மெல்லப் பறித்துக்கொண்டது. எந்த நல்ல முறைக்கும் இந்த ஆபத்து உண்டு. கருவி தங்கிவிடும், கருத்து நழுவிவிடும்.

கருத்தை மீண்டும் பற்றியவர் மரியா மான்டிசோரி அம்மையார். 1907 ஜனவரி 6-ஆம் நாள் உரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் அவருடைய முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. அங்கே அவர் ஒரு கருவி செய்தார். தச்சர் மரத்தைத் தேய்க்கிறாரே, அந்த உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி வழவழப்பான அட்டையில் ஒட்டினார். குழந்தை இரண்டு விரல்களால் அந்த எழுத்தைத் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். விரல் வழிதவறினால் சொரசொரப்பு விட்டுப்போய் வழவழப்புத் தட்டும். "தப்பு" என்று அதட்ட யாரும் வேண்டாம். குழந்தையின் விரலே குழந்தைக்குச் சொல்லிவிடும். பிடிக்கும் கையின் வேலையை எழுத்தே ஏற்றுக்கொண்டது. ஆகவே கை விடுதலை பெற்றது.

அந்த இல்லத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அம்மையார் எழுதியிருக்கிறார். மார்கழிக் குளிரிலும் வெயில் அடித்த ஒரு நாள், மொட்டை மாடி. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்தான். வரைந்தவன் திடீரென்று, தனக்கு எழுத வருகிறது என்று கூவிக்கொண்டு தரையில் மண்டியிட்டு ஒரு சொல்லை எழுதினான். அவனை எழுது என்று யாரும் சொல்லவில்லை. அவன் விரலை யாரும் பிடிக்கவுமில்லை. அவன் எழுதிய அந்த முதற்சொல், 'கை'.

கதையாசிரியன் ஒருவன் இப்படி முடித்திருந்தால், வேண்டுமென்றே பொருத்தியிருக்கிறான் என்று விமரிசகர்கள் கண்டித்திருப்பார்கள். வாழ்க்கைக்கு அந்த அச்சம் இல்லை.

அதே அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் அவரை 1946 வரை இந்தியாவிலேயே இருக்கச் செய்தது. எழும்பூரிலிருந்து சென்ற மணலும், உரோமாபுரியிலிருந்து வந்த உப்புத்தாளும் ஒரே ஊரில் சந்தித்தன என்று சொல்லலாம்.

இனி நம் காலத்தைப் பார்ப்போம். இன்று மழலையர் பள்ளிகளில் 'செய்து கற்றல்' என்ற சொல் பரவியிருக்கிறது. நல்ல சொல். தரையில் கோலமாவால் பெரிதாக 'அ' போட்டு, அதன் மேல் அடிமேல் அடி வைத்துக் குழந்தையை நடக்கச் சொல்கிறார்கள். களிமண்ணைத் திரித்து 'அ' வளைக்கச் சொல்கிறார்கள். புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கவும், பஞ்சை ஒட்டி அணிலுக்கு வால் வைக்கவும் சொல்கிறார்கள். குழந்தை செய்யும்வரையில் இவை எல்லாம் அருமையான வேலைகள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

அண்டை வீடு ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். புளியங்கொட்டையால் 'அ' ஒட்டிக் கொண்டுவர வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். குழந்தை மாலையில் உட்கார்ந்து ஐந்தாறு கொட்டைகளை ஒட்டியது. பசை முழங்கை வரை வழிந்தது. எழுத்து எழுத்தாக இல்லை. குழந்தை தூங்கிய பிறகு தாய் பழைய அட்டையை எறிந்துவிட்டு, புது அட்டையில் அச்சு வார்த்தாற்போல் 'அ' ஒட்டிவைத்தாள். காலையில் அதைப் பார்த்த பாட்டி, "அடி என் ராசாத்தி, இதை நீயா செஞ்சே?" என்று கேட்டாள். குழந்தை உடனே பதில் சொல்லவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தது. தாய் புன்னகை செய்தாள். பிறகு குழந்தை, "ஆமா, நானே செஞ்சேன்" என்றது. பாட்டி திருஷ்டி கழித்தாள்.

யார் மேல் குறை சொல்வது? தாய்க்குத் தன் குழந்தை மற்றக் குழந்தைகளுக்குப் பின்தங்கித் தெரியக்கூடாது என்ற கவலை. ஆசிரியைக்கு, அட்டைகளைச் சுவரில் மாட்டும்போது பெற்றோர் முகம் சுளிக்கக்கூடாது என்ற கவலை. எல்லாரும் அன்பின் பெயரால்தான் நடந்தார்கள். ஆனாலும் அந்தக் காலையில் குழந்தை இரண்டு பாடங்களைச் சேர்த்துக் கற்றது. ஒன்று 'அ'. மற்றொன்று, செய்தது யாராயிருந்தாலும் பாராட்டை வாங்கிக்கொள்ளலாம் என்பது. முதற்பாடத்தை மறக்க வழியில்லை. இரண்டாவதும் மறக்காது என்பதுதான் என் அச்சம்.

கைப்பேசித் திரையிலும் இதே கதைதான். 'அ'வின் மேல் விரலை எப்படி இழுத்தாலும் கோடு தானே சீராகிவிடுகிறது. உடனே கைதட்டும் ஓசை கேட்கிறது. திரை குழந்தையின் விரலை மடியில் உட்காராமலே பிடித்துக்கொள்கிறது. உப்புத்தாள் உண்மையைச் சொன்னது. இப்படிப்பட்ட திரையோ முகமன் சொல்கிறது.

"பிள்ளை கோணலாக எழுதினால் அந்தக் கோணலே பழகிவிடாதா? திருத்த வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருத்தத்தான் வேண்டும். ஆனால் அதன் எழுத்தின் மேல் நம் எழுத்தைப் போட்டுத் திருத்த வேண்டியதில்லை. அதன் தட்டுக்குப் பக்கத்தில் நம் தட்டை வைத்துக்கொண்டு, சுழி எங்கே தொடங்குகிறது, கோடு எங்கே முடிகிறது என்று அது பார்க்கும்படி மெதுவாக எழுதிக் காட்டலாம். பிறகு நம் மணலை அழித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். அந்தப் பேசாமல் இருக்கும் பொழுதுதான் கடினமானது. நமக்குக் கை துறுதுறுக்கும். அந்தத் துறுதுறுப்பை அடக்குவது ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரிய தவம்.

தமிழில் 'கையை விடுவது' வேறு, 'கைவிடுவது' வேறு. குழந்தையை மணல் தட்டோடு தனியே உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டால் அது கைவிடுவது. பக்கத்தில் இருந்துகொண்டே பிடியைத் தளர்த்துவது கையை விடுவது. முன்னதற்கு அஞ்சி நாம் பின்னதையும் செய்யாமலிருக்கிறோம். அதனால் இருபது வயதிலும் பிள்ளையின் விரல் நம் பிடியிலேயே இருக்கிறது. என்ன படிப்பது, எங்கே வேலை பார்ப்பது, யாரை மணப்பது எல்லாவற்றையும் அவன் விரலால் நாமே எழுதிவிட்டு, "அவன் விருப்பம்தான்" என்று ஊருக்குச் சொல்கிறோம்.

இன்னும் ஒன்று நினைக்க வேண்டும். இந்த நாட்டில் கையையும் எழுத்தையும் நெடுங்காலம் பிரித்து வைத்திருந்தார்கள். உழுத கைக்கும் மண் பிசைந்த கைக்கும் எழுத்தை மறுத்தார்கள். எழுத்தறிந்த கையோ மண்ணைத் தொடுவதை இழிவாக எண்ணிற்று. 1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைக்கவேண்டும் என்று வற்புறுத்தியதன் உட்பொருள், இந்தப் பிரிவினையை ஒழிப்பதுதான். ஒரு குழந்தை களிமண்ணைப் பிசைந்து 'அ' செய்யும்போது, பிரிந்திருந்த இரண்டும் அதன் பத்து விரல்களில் ஒன்று சேர்கின்றன. அந்த வேலையை நாமே செய்து அட்டையில் ஒட்டிக் கொடுத்தால், குழந்தையின் கைக்கு மீண்டும் ஒருமுறை எழுத்தை மறுக்கிறோம்.

ஆகவே, குழந்தை எழுதிய 'அ' கோணலாக இருந்தால் இருக்கட்டும். சுழி பெருத்து, கோடு சாய்ந்து, அதன் தாய்க்கே அடையாளம் தெரியாமல் இருந்தாலும் இருக்கட்டும். "நீயா செய்தாய்?" என்று யாராவது கேட்டால், அது எவர் முகத்தையும் பார்க்காமல் "ஆமாம்" என்று சொல்ல முடியும். எழுத்து நாளைக்குத் திருந்திவிடும். அந்தப் பதிலை மட்டும் இன்றைக்கே காப்பாற்ற வேண்டும்.