பெயரற்றோர்க்கு ஒரு நடுகல்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபடுதல் பண்டைத் தமிழர் மரபு. தொல்காப்பியமும் அதன் படிநிலைகளை வகுத்துரைக்கின்றது. ஆயின், வாளேந்தாது மண்வெட்டி ஏந்தி மடிந்தோர்க்குக் கல் நடுவார் யார்?

இவ்வினா மலேசியத் தமிழரை நெடுங்காலமாகத் தொடர்கின்றது. 1942இல் மலாயாவைக் கைப்பற்றிய ஜப்பானியர், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை அமைக்க, ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டி வாழ்ந்த தமிழர்களைத் திரட்டிச் சென்றனர். 1943 அக்டோபரில் பாதை முடிவுற்றது. காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் இரையானோர் பல்லாயிரவர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர் தாங்கி வரிசையாக நிற்கின்றன. தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர்க்கு அத்தகைய கல் இல்லை.

அக்குறையைத் தீர்க்க முற்பட்டோர் கதைஞர்களே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் அம்மக்களை மீண்டும் பேச வைத்தன. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மெக்சிக வழிவந்த பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த தோமாஸ் ரிவேராவும், ஊர் ஊராய் அலைந்த தம் மக்களின் வாழ்வை 1971இல் நூலாக்கினார். மொழியும் மண்ணும் வேறு, கடமை ஒன்றே.

இறந்தோர்க்குக் கற்பனைப் பெயர் சூட்டுதல் பொய்யாகாதோ எனச் சிலர் ஐயுறலாம். பொய் என்பது ஏமாற்றும் நோக்குடையது. புதினமோ தன்னைப் புனைவு என முன்னரே அறிவித்துக்கொள்கின்றது. ஏடுகளில் உள்ள எண்ணிக்கை எத்தனை பேர் மாண்டனர் என்று கூறும். மாண்டவனுக்காக எந்த வாசலில் யார் காத்திருந்தனர் என்று கூறாது. அதனைக் கூறுவது கதை.

எனினும் கதைஞனுக்கும் வரம்புண்டு. மாண்டோர் அனைவரையும் மாசற்றவராகக் காட்டலாகாது. தொழிலாளியை ஒடுக்கிய கங்காணியருள் தமிழரும் இருந்தனர். அதனை மறைப்பின் நினைவுச் சின்னம் வெறும் ஒப்பனையாகிவிடும்.

முன்னோரின் கூலி வாழ்வைப் பிள்ளைகளிடம் கூறுதல் இழிவு எனக் கருதும் பெற்றோரும் உளர். இழிவு உழைத்தோர்க்கன்று, அவ்வுழைப்பைச் சுரண்டினோர்க்கே.

ஜொகூரில் சிகாமட், குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்த முதியோர் இன்றும் உளர். அவர்தம் நினைவில் உண்மைப் பெயர்கள் சில எஞ்சியிருக்கக் கூடும். பெயர் கிடைக்காதவிடத்துப் புனைதல் அறம். கேட்டால் கிடைக்குமிடத்தும் கேளாது புனைதல் சோம்பல். மாணவர் முதலில் கேட்கட்டும், பின்னர் எழுதட்டும்.